1939 ஸ்பீட்வே லீக்: போர் நிறுத்திய சீசனுக்குச் சாம்பியன் உண்டா?

கரித்தடம்:

நம் மன்றத்தின் சாம்பியன்கள் பட்டியலை வரிசையாகச் சரிபார்த்து வருகிறேன். பிரிட்டிஷ் ஸ்பீட்வே பகுதியில் 1939-க்கு நேரே ஒருவர் "பெல் வியூ" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் அதை அடித்துவிட்டு "ரத்து" என்று போட்டிருக்கிறார். எனக்கு இரண்டுமே உறுத்துகின்றன. அதனால்தான் இந்த இழை.

இந்தப் பந்தயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இது மோட்டார் சைக்கிள் பந்தயம். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், ஒரே கியர், பிரேக் கிடையாது. நான்கு பேர் நீள்வட்டத் தடத்தில் இடப்பக்கமாக நான்கு சுற்று ஓட்ட வேண்டும். ஒரு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. இப்படி ஒவ்வொரு ஓட்டமும் ஒரு "ஹீட்". அணிக்கு இருவர் வீதம் பல ஹீட் ஓட்டிக் கூட்டினால் அன்றைய ஆட்டத்தின் முடிவு கிடைக்கும். அன்றைய தடங்களில் கரிச்சாம்பல் பரப்பியிருப்பார்கள். வளைவு வந்ததும் பின்சக்கரத்தை வழுக்க விட்டு, முன்சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்து, இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் தேய்த்தபடியே இடப்பக்கம் திரும்புவார்கள். பின்னால் வருபவருக்கு முகமெல்லாம் சாம்பல். வேலி ஓரம் நிற்கும் ரசிகர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இங்கிலாந்தில் இது சூடுபிடித்தது 1928 பிப்ரவரி 19 அன்று, எப்பிங் காட்டில் உள்ள ஹை பீச்சில். அடுத்த ஆண்டே லீக் வந்துவிட்டது. 1939-இல் தேசிய லீகின் முதல் பிரிவில் ஏழு அணிகள்: பெல் வியூ, விம்பிள்டன், வெம்ப்ளி, வெஸ்ட் ஹாம், ஹாரிங்கே, நியூ கிராஸ், சவுத்தாம்ப்டன். செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போர் அறிவித்ததும் எல்லாம் நின்றது. அப்போது பட்டியலில் முதலிடத்தில் இருந்தது மான்செஸ்டரின் பெல் வியூ. கோப்பை யாருக்கும் இல்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சாம்பியன் என்று எழுதக் கூடாது. "ரத்து" என்று எழுதினால் வசந்தகாலம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை ஓடிய பந்தயங்கள் நடக்கவே இல்லை என்பது போல் ஆகிவிடும். அதுவும் கூடாது. உங்கள் கருத்து என்ன?

ஓரப்பார்வை:

ஒரு சந்தேகம். லீகை ஏன் ஒரேயடியாக நிறுத்தினார்கள்? 2025 மே மாதம் இந்தியா - பாகிஸ்தான் சண்டையின்போது ஐபிஎல் நின்றது, ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் தொடங்கி ஜூன் 3 அன்று இறுதிப் போட்டியும் நடந்தது. செப்டம்பரில் நின்றதை அக்டோபரில் தொடங்கியிருக்கலாமே? குண்டுவீச்சு உடனே வந்துவிடவில்லை. லண்டன் மேல் பெரிய தாக்குதல் 1940 செப்டம்பரில்தான் என்று படித்த ஞாபகம்.

பழைய_ஸ்கோர்புக்:

நல்ல கேள்வி தம்பி. பலர் பெட்ரோல் தட்டுப்பாடு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஸ்பீட்வே வண்டி ஓடுவது மெத்தனாலில். பெட்ரோல் ரேஷன் அந்த செப்டம்பரிலேயே வந்தது சரி, அது இடித்தது பயணத்தில்தான். வண்டியையும் ஓட்டுநரையும் ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டுமே.

முதல் அடி வேறு இடத்தில் விழுந்தது. வெளிச்சத்தில்.

ஸ்பீட்வே ராத்திரி விளையாட்டு. ஆலை விட்டு, துறைமுக வேலை விட்டு, சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு போய்ப் பார்ப்பது. லண்டனில் திங்கள் விம்பிள்டன், செவ்வாய் வெஸ்ட் ஹாம், புதன் நியூ கிராஸ், வியாழன் வெம்ப்ளி என்று வாரம் முழுக்க ஏதாவது ஒரு தடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பார்வையாளர் பகுதியை இருட்டாக விட்டு, தடத்தின் மேல் மட்டும் விளக்கு வரிசையைத் தொங்கவிடுவார்கள். அந்த வெளிச்ச வளையத்துக்குள் நான்கு பேர் சறுக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. செப்டம்பர் 1 அன்றே பிரிட்டன் முழுவதும் இருட்டடிப்பு அமலுக்கு வந்துவிட்டது. வீட்டு ஜன்னலில் ஒரு கீற்று தெரிந்தாலே அபராதம் போட்ட காலம். ஸ்டேடியம் விளக்கைப் போட யார் விடுவார்கள்?

இரண்டாவது, கூட்டம். போர் அறிவித்த கையோடு அரசு சினிமா, நாடகம், விளையாட்டு எல்லாவற்றையும் மூடச் சொன்னது. முதல் நாளே வானத்திலிருந்து குண்டு விழும், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் சாவார்கள் என்று உண்மையாகவே பயந்தார்கள். சினிமாவை இரண்டே வாரத்தில் திறந்துவிட்டார்கள். கால்பந்தையும் பிறகு அனுமதித்தார்கள், ஆனால் ஆபத்தான பகுதிகளில் 8,000 பேர், மற்ற இடங்களில் 15,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். 1936-இல் வெம்ப்ளியில் நடந்த முதல் உலக இறுதிக்கு (தனிநபர் உலகப் பட்டத்துக்கான இறுதிப் போட்டி) மட்டும் சுமார் 74,000 பேர் வந்தார்கள். பெரிய கூட்டத்தை நம்பிச் சம்பளம் கொடுத்த தொழில் அது.

மூன்றாவது, நாட்காட்டி. ஸ்பீட்வே சீசன் அக்டோபரில் எப்படியும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஆஸ்திரேலியர்கள் கப்பல் ஏறித் தங்கள் ஊர்க் கோடைகாலப் பந்தயங்களுக்குப் போவது ஆண்டுதோறும் வழக்கம். ஐபிஎல்லை ஒரு வாரம் தள்ளிவைக்க முடிந்தது, ஆட்டக்காரர்களைத் திரும்ப அழைக்கவும் முடிந்தது. இங்கே ஆட்களே கலைந்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள், ஆங்கிலேயர்கள் படைக்கும் ஆயுத ஆலைகளுக்கும் போனார்கள். இன்ஜின் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைக்குப் போர்க்காலத்தில் எவ்வளவு தேவை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெம்ப்ளி_வியாழன்:

லீகைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அதைவிட வயிற்றெரிச்சல் உலக இறுதி. 1939 செப்டம்பர் 7, வியாழன், வெம்ப்ளி. போர் அறிவித்தது ஞாயிறு. நான்கே நாள்.

அன்றைய முறையில் இறுதிக்கு வருபவர் வெறும் கையோடு வர மாட்டார். தகுதிச் சுற்றுகளில் எடுத்த புள்ளிகளைப் பொறுத்து "போனஸ்" புள்ளிகள் உண்டு. இறுதி இரவில் எடுப்பதை அதோடு கூட்டுவார்கள். 1939-இல் போனஸில் முன்னிலையில் இருந்தவர் கோர்டி மில்ன், கலிஃபோர்னியாக்காரர், அப்போது சவுத்தாம்ப்டனுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். 1937 இறுதியில் முதல் மூன்று இடமும் அமெரிக்கர்களுக்குத்தான்: ஜாக் மில்ன், வில்பர் லாமோரோ, கோர்டி மில்ன். ஜாக் இவருக்கு அண்ணன். அண்ணன் வாங்கிய பட்டத்துக்கு மிக அருகில் தம்பி வந்து நின்ற நேரத்தில் ஸ்டேடியத்தை மூடிவிட்டார்கள். அடுத்த உலக இறுதி 1949-இல்தான் நடந்தது, வென்றவர் வெம்ப்ளியின் டாமி பிரைஸ். பத்து வருடம் என்பது ஒரு ஓட்டுநருக்கு ஆயுள் முழுக்க மாதிரி.

போனஸை வைத்தே மில்னுக்குப் பட்டம் கொடுத்திருக்கலாம் என்று யாரும் சொல்லாதீர்கள். 1936-ஐப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் ப்ளூயி வில்கின்சன் இறுதி இரவில் தன் ஐந்து பந்தயங்களையும் வென்றார். முழுப் புள்ளி. ஆனாலும் போனஸ் குறைவாக இருந்ததால் மூன்றாம் இடம்! லயனல் வான் பிராகும் எரிக் லாங்டனும் சமமாக வந்து, தனிப் பந்தயம் ஓட்டி, வான் பிராக் பட்டம் வாங்கினார். அந்த இரவு வில்கின்சனுக்கு நடந்தது அநியாயம் என்று இன்றுவரை வாதாடுபவன் நான். போனஸை வைத்து ஒரு பட்டத்தைப் பறித்தது போதும், இன்னொன்றைக் கொடுக்க வேண்டாம்.

ஓரப்பார்வை:

சரி, உலக இறுதி ஒரே இரவு. அதை ஓட்டாமல் பட்டம் தர முடியாது, ஒப்புக்கொள்கிறேன். லீக் அப்படி இல்லையே. மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். பெரும்பகுதி முடிந்த பிறகு ஒரு அணி முதலிடத்தில் இருக்கிறது என்றால் அதற்கு மதிப்பு இல்லையா? அதே 1939-இல் கவுண்டி கிரிக்கெட் சாம்பியன் யார்? யார்க்‌ஷயர். அங்கேயும் கடைசி ஆட்டங்கள் சில போரால் நின்றன. யார்க்‌ஷயரை யாரும் கேள்வி கேட்பதில்லை. பெல் வியூவுக்கு மட்டும் ஏன் கஞ்சத்தனம்?

கரித்தடம்:

யார்க்‌ஷயர் உதாரணம் எடுத்ததற்கு நன்றி, வித்தியாசம் அங்கேதான் தெரிகிறது. கவுண்டி சீசன் ஏறக்குறைய முடிந்தே விட்டது. செப்டம்பர் 1 அன்று ஹோவ் மைதானத்தில் யார்க்‌ஷயர் சசெக்ஸை 33 ரன்னுக்குச் சுருட்டியது. ஹெட்லி வெரிட்டி 9 ரன் கொடுத்து 7 விக்கெட். அவர் ஆடிய கடைசிக் கவுண்டி ஆட்டம் அதுதான், 1943-இல் இத்தாலியில் போர்க்கைதியாக இறந்தார். யார்க்‌ஷயருக்குப் பட்டம் கையில் வந்த பிறகுதான் கதவு மூடியது.

மறுபக்கம் கால்பந்து. 1939-40 சீசன் மூன்றே ஆட்டத்தோடு நின்றது. மூன்றையும் வென்று முதல் டிவிஷனில் மேலே இருந்தது பிளாக்பூல். அதைச் சாம்பியன் என்று யாராவது சொல்கிறார்களா? இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது ஸ்பீட்வே. அதனால்தான் சிக்கல்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். ஸ்பீட்வேயில் சொந்தத் தடம் என்பது மற்ற விளையாட்டுகளைப் போல வெறும் கைத்தட்டல் பலம் இல்லை. நியூ கிராஸ் தடத்தின் ஒரு சுற்று 262 கெஜம், அதாவது சுமார் 240 மீட்டர். அதை "வறுவல் சட்டி" என்றே கூப்பிடுவார்கள். வண்டியை நிமிர்த்தவே நேரம் இருக்காது, ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். பெல் வியூவின் ஹைட் ரோடு தடம் 418 கெஜம், 380 மீட்டரைத் தாண்டும். அகன்ற வளைவு, வெளிப்பக்கமாகச் சுற்றி வேகம் பிடிக்கலாம். ஒன்றில் ராஜாவாக இருப்பவர் இன்னொன்றில் திண்டாடுவார். வேறு கியர் பல்சக்கரம் போட வேண்டும், புறப்படும் விதத்தை மாற்ற வேண்டும். அதனால் யார் யாருக்கு எந்தத் தடத்தில் எத்தனை ஆட்டம் பாக்கி என்பதைப் பார்க்காமல் பாதிப் பட்டியலை நம்ப முடியாது. எல்லோரும் எல்லாத் தடத்திலும் சமமாக ஓட்டி முடித்தால்தான் ஸ்பீட்வேயில் பட்டியல் நியாயமாகும்.

பழைய_ஸ்கோர்புக்:

கரித்தடம் சொல்வது சரிதான். ஆனாலும் பெல் வியூ பக்கத்து வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். 1933 முதல் 1936 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டம் வாங்கிய அணி அது. 1937-இல் வெஸ்ட் ஹாம் வென்றது, 1938-இல் நியூ கிராஸ். 1939-இல் திரும்பவும் மேலே வந்தார்கள். எரிக் லாங்டன், பில் கிச்சன், ஃபிராங்க் வேரி எல்லாம் இருந்த அணி. வேரி பழைய பாணிக்காரர், காலை முன்னால் ஊன்றாமல் பின்னால் இழுத்துக்கொண்டு வளைவை எடுப்பார். பார்ப்பதற்கு ஆபத்தாக இருக்கும், கூட்டத்துக்கு அதுதான் பிடிக்கும். அர்ஜென்டினாவில் ஓட்டப் போனபோது அங்கே "சிவப்புப் பிசாசு" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

போருக்குப் பிறகு பெல் வியூ அடுத்த லீக் பட்டம் வாங்கியது 1963-இல். 1936-க்கும் 1963-க்கும் நடுவில் 27 வருடம். அதில் கைக்கு எட்டியிருந்த வாய்ப்புகளில் ஒன்று 1939. மான்செஸ்டர்காரர்கள் விட்டுக்கொடுக்க மறுப்பதில் நியாயம் இருக்கிறது.

வெம்ப்ளி_வியாழன்:

ஐயா, போர்க்காலத்தில் பெல் வியூ மட்டும் பந்தயத்தை விடாமல் நடத்தியதாமே, அதைப் பற்றி எழுதுங்கள். இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது.

பழைய_ஸ்கோர்புக்:

1940-இல் வேறு சில தடங்களிலும் கொஞ்சம் பந்தயம் நடந்தது, பிறகு அடங்கிவிட்டது. பெல் வியூ மட்டும்தான் போர் முடியும் வரை ஒவ்வொரு ஆண்டும் ஓட்டியது. வழி எளிமையானது: சனிக்கிழமை பிற்பகல். பகல் வெளிச்சத்தில் முடித்துவிட்டால் இருட்டடிப்பு ஒரு பொருட்டே இல்லை. அந்தத் தடம் இருந்ததும் ஒரு விலங்குக் காட்சிசாலையும் கேளிக்கைப் பூங்காவும் சேர்ந்த வளாகத்துக்குள். ஏற்கெனவே மக்கள் பழகிய இடம், ஒரே பஸ்ஸில் வந்து இறங்கலாம்.

அணி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வாரம் யாருக்கு லீவு கிடைத்ததோ, யாருக்கு ஆலையில் ஷிஃப்ட் இல்லையோ அவர்கள் வருவார்கள். புது வண்டி கிடையாது, உதிரி பாகம் கிடையாது. 1939-இல் வாங்கிய இன்ஜினையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். அங்கே அடிக்கடி வென்ற பெயர் எரிக் சிட்டி. கனடாக்காரர், வெஸ்ட் ஹாம் அணி. ஊருக்குப் போகாமல் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டவர். லீகும் இல்லை, உலகப் பட்டமும் இல்லை, ஆனாலும் வாரா வாரம் வந்து ஓட்டியிருக்கிறார்கள். ஸ்பீட்வே வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். 1946-இல் அவ்வளவு சீக்கிரம் இந்த விளையாட்டு எழுந்து நின்றதற்கு பெல் வியூவின் சனிக்கிழமைகளும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

நீலச்சட்டை:

புதியவன், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மேலே சொன்ன வான் பிராகும் வில்கின்சனும் போரில் என்ன ஆனார்கள்?

வெம்ப்ளி_வியாழன்:

வாங்க நீலச்சட்டை. இரண்டும் இரண்டு விதம்.

வில்கின்சன் 1938-இல் உலகப் பட்டம் வாங்கினார். அதுவும் முந்தின இரவு நியூ கிராஸில் விழுந்து கழுத்துப்பட்டை எலும்பு முறிந்த நிலையில், கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டி. அத்தோடு ஓட்டுவதை விட்டுவிட்டு, 1939-இல் இரண்டாம் பிரிவில் ஷெஃபீல்ட் தடத்தை நடத்தும் பொறுப்புக்கு வந்தார். ஆக, நடக்காமல் போன அந்த இறுதியில் நடப்புச் சாம்பியன் போட்டியிடவே இல்லை. போர் வந்ததும் தடமும் நின்றது, அவர் ஆஸ்திரேலியா திரும்பினார். 1940 ஜூலையில் சிட்னியில் சாலை விபத்தில் இறந்தார். மோட்டார் சைக்கிளில்தான். 28 வயது. பிரேக் இல்லாத வண்டியில் அத்தனை வருடம் ஓட்டியவர், சாதாரணத் தெருவில் போய்விட்டார்.

வான் பிராக் ஆஸ்திரேலிய விமானப்படையில் சேர்ந்தார். 1942 ஜனவரியில் அவர் இருந்த டிசி-2 விமானத்தை சும்பா நீரிணைக்கு மேல் ஜப்பானியப் போர் விமானங்கள் தாக்கின. விமானம் கடலில் இறங்கியது. கூட இருந்தவர்களில் இருவருக்கு நீந்த முடியவில்லை. வான் பிராகும் இன்னொரு விமானியும் சேர்ந்து அவர்களைச் சுமார் 30 மணி நேரம் மூழ்காமல் தாங்கி, சுறாக்களை விரட்டி, கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்காக ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. முதல் உலகச் சாம்பியன் என்று மட்டும் அவரைப் பற்றி எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஓரப்பார்வை:

இதெல்லாம் படித்த பிறகு லீக் பட்டம் யாருக்கு என்பது சின்ன விஷயமாகத் தெரிகிறது. ஆனாலும் பட்டியல் என்று ஒன்று இருந்தால் ஏதாவது எழுதித்தானே ஆக வேண்டும். போருக்குப் பிறகு பெல் வியூவுக்கு ஏதாவது ஈடு செய்தார்களா?

கரித்தடம்:

ஈடு எல்லாம் இல்லை. நடந்தது அதற்கு நேர் எதிர். 1946-இல் தேசிய லீக் ஆறு அணிகளோடு தொடங்கியது. பெல் வியூ, வெம்ப்ளி, விம்பிள்டன், வெஸ்ட் ஹாம், நியூ கிராஸ், புதிதாக பிராட்ஃபோர்ட். ஹாரிங்கேயும் சவுத்தாம்ப்டனும் அந்த ஆண்டு லீகில் இல்லை. ஏழு வருடம் ஆகிவிட்டதே, பலருக்கு வயதாகிவிட்டது, வெளிநாட்டுக்காரர்கள் பலர் வரவில்லை. அதனால் இருக்கிற ஓட்டுநர்களைத் தரம் பிரித்து, ஒரே தொகுப்பில் போட்டு, அணிகளுக்குச் சமமாகப் பங்கிட்டார்கள். 1939-இல் யார் எந்த அணி என்பதெல்லாம் கலைந்தது. பெல் வியூவின் பில் கிச்சன் வெம்ப்ளிக்குப் போய் கேப்டன் ஆனார். 1946 பட்டமும் வெம்ப்ளிக்குத்தான்! 1939-இல் மேலே இருந்த அணியின் முக்கியமான கை, எதிரணிக்குக் கோப்பை தூக்கிக் கொடுத்தது.

லீக் நடத்தியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பங்கிடாமல் விட்டிருந்தால் ஓரிரு அணிகள் மட்டும் வலுவாக இருந்து, மற்ற தடங்களில் கூட்டம் கரைந்திருக்கும். அந்த ஆண்டு மக்கள் லட்சக்கணக்கில் திரண்டு வந்ததற்கு எல்லாத் தடத்திலும் ஆட்டம் நெருக்கமாக இருந்ததும் காரணம். ஆனால் 1939 பெல் வியூ அணி, அந்த வடிவத்தில், அதற்குப் பிறகு ஒருபோதும் களம் இறங்கவில்லை. அதனால்தான் "ரத்து" என்ற ஒற்றைச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய_ஸ்கோர்புக்:

அப்படியானால் என் யோசனை: சாம்பியன் கட்டத்தில் கோடு போடுங்கள். பக்கத்தில் "போரால் நின்றது, நின்றபோது முதலிடம் பெல் வியூ" என்று எழுதுங்கள். பட்டங்களின் கூட்டுத்தொகையில் சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று. இரண்டாம் பிரிவையும் விட்டுவிடாதீர்கள். அங்கே சில அணிகள் போருக்கு முன்பே, சீசன் நடுவிலேயே கழன்றுகொண்டன. காசு கட்டுப்படியாகவில்லை. எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதினால் அந்தச் சிறிய தடங்களின் கதை மறைந்துவிடும். அதற்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

ஓரப்பார்வை:

சாம்பியன் என்றே போடலாம் என்ற என் வாக்கு பதிவாகட்டும். மற்றபடி ஐயா சொன்ன வாசகத்துக்கு எதிர்ப்பு இல்லை.

வெம்ப்ளி_வியாழன்:

அதே முறையில் உலக இறுதிக்கும் போடுங்கள்: "1939 செப்டம்பர் 7, வெம்ப்ளி, நடக்கவில்லை, போனஸ் முன்னிலை கோர்டி மில்ன்". 1940 முதல் 1948 வரை காலியாக விடாமல், 1946, 1947, 1948-க்கு பிரிட்டிஷ் ரைடர்ஸ் சாம்பியன்ஷிப் என்று தனி வரி சேர்த்து டாமி பிரைஸ், ஜாக் பார்க்கர், விக் டக்கன் பெயர்களைப் போடலாம். உலகப் பட்டம் இல்லாத அந்த மூன்று ஆண்டுகளில் அதுதான் பெரிய தனிநபர்ப் பட்டம்.

கரித்தடம்:

மூன்றையும் சேர்த்துப் பட்டியலைத் திருத்திவிட்டேன். ஓரப்பார்வையின் மாற்றுக் கருத்துக்கு இந்த இழையின் இணைப்பை அந்த வரியிலேயே கொடுத்திருக்கிறேன். இரண்டாம் பிரிவுக்குத் தனி இழை தொடங்குகிறேன். அதில் ஷெஃபீல்டிலிருந்து ஆரம்பிக்கலாமா ஐயா?

பழைய_ஸ்கோர்புக்:

தாராளமாக. வில்கின்சன் அங்கே நடத்திய அந்த ஒரு சீசனைப் பற்றியே நிறையப் பேசலாம். நாளை எழுதுகிறேன்.